மோசமான நாளை வைத்துக் கணக்குப் போடுங்கள்: லூபஸும் நடைப்பயிற்சியும்

லூபஸ் என்பது எதிர்ப்புச் சக்தி தன் உடம்பையே தாக்கும் நோய். அது உள்ளவர்களின் உடற்பயிற்சி பெரும்பாலும் ஒரு நல்ல நாளில்தான் கெட்டுப்போகிறது. பத்து நாள் அடித்துப் போட்ட மாதிரி கிடந்த உடம்பு, பதினோராம் நாள் காலையில் லேசாக இருக்கும். விரல் மடங்கும், கணுக்கால் வலிக்காது. விட்டுப்போனதையெல்லாம் ஒரே நாளில் பிடித்துவிடலாம் என்று தோன்றும். முக்கால் மணி நேரம் நடை, வந்ததும் வீடு துடைப்பு, சாயங்காலம் கடைத்தெரு. மறுநாள் எழுந்திருக்க முடியாது. அதற்கு மறுநாளும் முடியாது. "நடந்ததால்தான் இப்படி ஆச்சு, இனிமே வேணாம்" என்று வீட்டில் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். நடந்ததில் தப்பில்லை, அளவில்தான் தப்பு. இந்தக் கட்டுரை முழுக்க அந்த அளவைப் பற்றித்தான்.

ஏரோபிக் என்றதும் பாட்டுப் போட்டு ஆடுவதுதான் பலருக்கு ஞாபகம் வரும். இங்கே சொல்வது அதைவிடச் சாதாரணமான விஷயம். பெரிய தசைகளைச் சில நிமிடம் விடாமல் இயக்கி, மூச்சையும் நாடியையும் கொஞ்சம் ஏற்றி, அந்த நிலையிலேயே வைத்திருப்பது. நடை போதும். நின்ற இடத்து சைக்கிளும் சரி, இடுப்பளவு தண்ணீரில் நடப்பதும் சரி.

லூபஸ் அசதிக்குக் காரணம் ஒன்றில்லை. நோயின் அழற்சி ஒரு பக்கம், ரத்தசோகை, தூக்கமின்மை, மனச்சோர்வு, அழற்சியை அடக்கச் சாப்பிடும் ஸ்டீராய்டு எல்லாம் இன்னொரு பக்கம். இதோடு, மாதக்கணக்கில் அசையாமல் இருந்ததால் இதயமும் தசையும் வேலையை மறந்துபோவதும் பெரிய பங்கு. நடை நேராகச் சரிசெய்வது இந்தக் கடைசிக் காரணத்தை. தூக்கமும் மனசும் அதன் கூடவே தேறும். ரத்தசோகை தேறாது. ஹீமோகுளோபின் 7.5-ல் இருப்பவர் எவ்வளவு நடந்தாலும் அசதி தீராது, மூச்சுதான் வாங்கும்.

நடந்தால் நோய் கிளம்பிவிடும் என்ற பயம் நோயாளிகளைவிட அம்மாக்களுக்கு அதிகம். லண்டனில் 93 பேரை மூன்று பிரிவாகப் பிரித்து 12 வாரம் பார்த்தார்கள். முடிவு 2003-ல் வெளிவந்தது. படிப்படியாகக் கூட்டும் பயிற்சி செய்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் நன்றாகத் தேறியிருப்பதாகச் சொன்னார்கள். எதுவும் செய்யாமல் இருந்தவர்களில் அப்படிச் சொன்னவர் ஆறில் ஒருவர்தான். பிரேசிலில் 60 பெண்களை வைத்துச் செய்து 2005-ல் வெளியிட்ட ஆய்விலும் 12 வார நடைக்குப் பிறகு அசதியும் மனச்சோர்வும் குறைந்தன. நோய் லேசாகவோ மிதமாகவோ இருப்பவர்களுக்குப் பயிற்சியால் அதன் தீவிரம் கூடியதாக இப்படிப்பட்ட சோதனைகளில் தெரியவில்லை. ஐரோப்பிய ரூமட்டாலஜி (மூட்டு, தசை நோய் மருத்துவம்) கூட்டமைப்பான யூலார் 2023 பரிந்துரைகளில், மருந்தோடு உடற்பயிற்சியையும் சேர்க்கச் சொல்லியிருக்கிறது.

இன்னொரு காரணம் இதயம். டொராண்டோ மருத்துவர் மரே யூரோவிட்ஸும் அவர் குழுவினரும் 1976-லேயே ஒன்றைக் கவனித்தார்கள். லூபஸ் வந்த ஆரம்ப வருடங்களில் மரணம் வந்தது நோயாலும் தொற்றாலும். பல வருடம் கழித்து வந்தது மாரடைப்பால். 1997-ல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வு, 35 முதல் 44 வயதுவரை உள்ள லூபஸ் பெண்களுக்கு மாரடைப்பு வாய்ப்பு அதே வயதுப் பெண்களைவிட 50 மடங்கு அதிகம் என்றது. முப்பத்தெட்டு வயதில் யாரும் இதயத்தைப் பற்றி யோசிப்பதில்லை. லூபஸ் இருந்தால் யோசிக்க வேண்டும்.

தொடங்குமுன் ரூமட்டாலஜி டாக்டரிடம் கேட்க வேண்டியவை சில. ஹீமோகுளோபின் 8-க்குக் கீழே என்றால் முதலில் அதைத்தான் ஏற்ற வேண்டும். ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 50,000-க்குக் கீழே என்றால் விழுந்து அடிபடக்கூடிய எதுவும் வேண்டாம். தெருவில் சைக்கிள் ஓட்டுவதும் அதில் சேர்த்தி. சிறுநீரில் புரதம், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், ரத்த அழுத்தம் மூன்றும் கட்டுக்குள் இருக்கின்றனவா என்று பாருங்கள். மாடிப்படி ஏறும்போது வழக்கத்துக்கு மாறாக மூச்சு வாங்கினால் இ.சி.ஜி., எக்கோ எடுக்காமல் தொடங்க வேண்டாம். நுரையீரல் ரத்தக்குழாயில் அழுத்தம் கூடியிருப்பது முதலில் தெரியும் இடம் பெரும்பாலும் மாடிப்படிதான்.

அளவுக்கு வருவோம். முதல் வாரம் பயிற்சி எதுவும் வேண்டாம், குறிப்பு மட்டும். ஒரு நோட்டில் தினமும் மூன்று எண்கள்: அன்றைக்கு ஒரே மூச்சில் நடந்த அதிகபட்ச நிமிடம், இரவு அசதிக்குப் பத்துக்கு எத்தனை, மறுநாள் காலை எழுந்தபோது அசதிக்குப் பத்துக்கு எத்தனை. ஏழு நாளில் ஒரு நாள் 20 நிமிடம் நடந்திருப்பீர்கள், ஒரு நாள் 6 நிமிடம்தான் முடிந்திருக்கும். தொடங்கும் அளவு 20-ம் இல்லை, இரண்டையும் கூட்டிப் பாதியாக்கிய 13-ம் இல்லை. 6 நிமிடம் முடிந்த அந்த மோசமான நாளை எடுத்துக்கொண்டு, அதிலும் ஒரு நிமிடம் குறைத்து, 5 நிமிடம். "இதெல்லாம் ஒரு நடையா" என்று வெட்கமாக இருக்கும். இருக்கட்டும். மோசமான நாளிலும் செய்ய முடிகிற அளவாக இருந்தால்தான் பயிற்சி விட்டுப்போகாது.

5 நிமிடம், வாரத்தில் நான்கு நாள், ஒருநாள் விட்டு ஒருநாள் மாதிரி. முதல் நான்கு வாரம் வாரத்துக்கு ஒரே ஒரு நிமிடம் கூட்டுங்கள்: 5, 6, 7, 8. அடுத்த எட்டு வாரம் இரண்டு இரண்டாக: 10, 12, 14, 16, 18, 20, 22, 24. பன்னிரண்டு வாரத்தில் 24 நிமிடத்துக்கு வந்துவிடலாம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வாரம் 150 நிமிடம் அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ஒரு வாரம் ஏற முடியாவிட்டால் அதே அளவில் நில்லுங்கள். முக்கியமானது இது: நல்ல நாள் வந்தாலும் அந்த வாரத்து அளவுக்கு மேல் ஒரு நிமிடம்கூடப் போகக் கூடாது. நல்லா இருக்கும்போதே நிறுத்திவிட்டு வீடு திரும்புவதுதான் இந்தப் பயிற்சியிலேயே கஷ்டமான பகுதி.

முதல் இரண்டு மூன்று வாரம் பலன் தெரியாது, அசதி லேசாகக் கூடின மாதிரிகூட இருக்கும். பெரும்பாலும் முதலில் தேறுவது தூக்கம்.

வேகத்துக்குச் சுலபமான அளவுகோல் பேச்சு. நடக்கும்போது முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். எண்ணாக வேண்டும் என்பவர்களுக்கு ஒரு கணக்கு. வயது 34, காலையில் எழுந்ததும் நாடி 84 என்று வைத்துக்கொள்வோம். 220-லிருந்து வயதைக் கழித்தால் 186. அதிலிருந்து 84-ஐக் கழித்தால் 102. அதில் 40 சதவீதம் 41. அதை 84-ஓடு கூட்டினால் 125. முதல் மாதம் 125-ஐத் தாண்ட வேண்டாம். பிற்பாடு 60 சதவீதம், அதாவது 145 வரை போகலாம். நடையை முடித்த உடனே மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் உங்கள் நாடி. ஆனால் லூபஸில் இந்தக் கணக்கு காலை வாரிவிடுவதும் உண்டு. சிலருக்கு உழைப்புக்கேற்ற அளவு நாடி ஏறுவதே இல்லை. புரோப்ரனலால், மெட்டோப்ரோலால் மாதிரி நாடியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் ஏறாது. அவர்கள் எண்ணைத் துரத்திக்கொண்டு ஓடினால் ஆபத்து. பேச்சுதான் அவர்களுக்கு அளவு.

கைக்கடிகாரம் கேட்கும் பத்தாயிரம் காலடியை மறந்துவிடுங்கள். 1965-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவிய எண் அது. லூபஸுக்கும் அதற்கும் ஸ்நானப்ராப்தி கிடையாது.

நடைக்கூட்டாளி விஷயத்திலும் கவனம். துணைக்கு ஆள் இருந்தால் நடை விட்டுப்போகாது, உண்மை. ஆனால் பக்கத்து வீட்டு அக்காவின் வேகத்துக்கு ஓடினால் இரண்டே வாரத்தில் படுக்கைதான். "நான் எட்டு நிமிஷம்தான் வருவேன், அப்புறம் நீங்க போங்கக்கா" என்று முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

வெயில். லூபஸ் தோலுக்குப் புறஊதாக் கதிர் பட்டால் தடிப்பு மட்டும் வருவதில்லை, மூட்டு வீக்கமும் காய்ச்சலும்கூடக் கிளம்பலாம். தோல் செல்கள் அந்தக் கதிரால் சிதையும்போது உள்ளிருக்கும் பொருள்கள் வெளியே வந்து, ஏற்கெனவே குழம்பிக் கிடக்கும் எதிர்ப்புச் சக்தியை உசுப்பிவிடுகின்றன. தமிழ்நாட்டில் காலை 6 மணிக்குக் கிளம்பி 7 மணிக்குள் திரும்புவது உத்தமம். நேரம் பார்க்க நிழல் போதும்: உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் வெளியே நிற்கும் நேரமில்லை அது. மேகமூட்டத்தை நம்ப வேண்டாம், கதிர் மேகத்தைத் துளைக்கும். ஜன்னல் கண்ணாடியும் முழுப் பாதுகாப்பில்லை. கண்ணாடிக்குப் பக்கத்தில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு மிதித்தாலும் யூ.வி.ஏ. என்ற வகைப் புறஊதாக் கதிர் வரும்.

சன்ஸ்கிரீன் பூசுபவர்களில் பலர் பட்டாணி அளவுதான் எடுக்கிறார்கள். போதாது. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும், அடியிலிருந்து நுனிவரை ஒவ்வொரு கோடு பிதுக்குங்கள். அந்த இரண்டு கோடும் முகத்துக்கும் கழுத்துக்கும். காது மடல், பிடரி, ரவிக்கைக்கு மேலே தெரியும் முதுகு, புறங்கை நான்கும்தான் வழக்கமாக விட்டுப்போகும் இடங்கள். அவற்றுக்குத் தனியாக எடுங்கள். எஸ்.பி.எஃப். 50 வாங்கி, கிளம்புவதற்கு 15 நிமிடம் முன்னால் பூசினால் சரி. வெளியே இரண்டு மணி நேரம் தாண்டினாலோ வியர்த்து ஊற்றினாலோ மறுபடி பூச வேண்டும். மெல்லிய வெள்ளைப் பருத்தி வேர்வையில் நனைந்தால் கதிரைத் தடுப்பது குறையும். நெருக்கமாக நெய்த, அடர்ந்த நிற முழுக்கைச் சட்டை மேல். "காலை வெயில்ல நின்னா வைட்டமின் டி கிடைக்கும்" என்று சொல்லும் சித்தப்பாவுக்கு ஒரு கும்பிடு. அதை ரத்தத்தில் அளந்து பார்த்து மாத்திரையில் எடுத்துக்கொள்ளலாம்.

காலையில் ஒரு சிக்கல் உண்டு. விரலும் முட்டியும் இறுகிக் கிடக்கும் நேரம் அதுதான். விறைப்பு அரை மணிக்கு மேல் நீடிப்பவர்கள் வெந்நீரில் குளித்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு பத்து முறை குதிகால் தூக்கி இறக்கி, நின்ற இடத்திலேயே இரண்டு நிமிடம் மெதுவாகக் காலெடுத்து வைத்துவிட்டுத் தொடங்கலாம். அதுவும் முடியாதென்றால் மாலையில் பொழுது சாய்ந்த பிறகு. மொட்டைமாடி நடை நல்லதுதான், ஆனால் தரை இரவு ஏழு மணிக்கும் பகல் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். வெறுங்காலில் வேண்டாம். ஸ்டீராய்டு சாப்பிடும் தோலில் கொப்புளம் வந்தால் ஆற நாளாகும், சீழ் பிடிக்கவும் வாய்ப்பு அதிகம். குதிகாலைப் பிடித்து நிற்கும் வாருள்ள செருப்போ, முன்பக்கம் விரல் அசைய இடமுள்ள ஷூவோ போட்டுக்கொள்ளுங்கள். ஹவாய் செருப்பில் விரலால் கவ்விப் பிடித்தே நடக்க வேண்டியிருப்பதால் பாத மூட்டு வலி கூடும்.

எட்டு வடிவ நடை இப்போது பூங்காவுக்குப் பூங்கா இருக்கிறது. முட்டி, இடுப்பு வலி உள்ள லூபஸ்காரர்களுக்கு அதைப் பரிந்துரைக்க மனசு வரவில்லை. குறுகின வளைவில் திரும்பத் திரும்ப உடம்பைத் திருப்பும்போது பாரம் மூட்டின் ஒரே பக்கத்தில் விழுகிறது. நேர்நடை போதும். திருவண்ணாமலை கிரிவலம் ஆசை பலருக்கு உண்டு. இரவில் போவதால் வெயில் தொல்லை இல்லை, ஆனால் தூரம் 14 கிலோமீட்டர், அதுவும் வெறுங்காலோடு. வாரக்கணக்கில் 24 நிமிட நடையில் நிலைத்து நிற்பவருக்கே அது ஏழெட்டு மடங்கு. வண்டியில் சுற்றி வந்தால் சாமி கோபித்துக்கொள்ள மாட்டார்.

வீட்டுக்குள் செய்ய நின்ற இடத்து சைக்கிள் வசதி. வாங்குவதைவிட இருக்கையை ஏற்றி வைப்பதில்தான் தப்பு நடக்கிறது. பெடலைக் கீழ்முனைக்குக் கொண்டுவந்து அதன்மேல் குதிகாலை வையுங்கள். கால் நேராக நீள வேண்டும். பிறகு முன்பாதத்தை வைத்து மிதித்தால் கீழ்முனையில் முட்டி லேசாக மடங்கி நிற்கும். அதுவே சரியான உயரம். இருக்கை தாழ்ந்திருந்தால் முட்டிச்சில்லுக்கு முன்பக்கம் வலிக்கும், உயர்ந்திருந்தால் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும். இறுக்கத்தைக் குறைந்த அளவில் வைத்து நிமிடத்துக்கு 50 சுற்று. நீச்சல்குளத்தைப் பொறுத்தவரை, கூரை போட்டதும் தண்ணீர் சில்லென்று இல்லாததும் கிடைத்தால் போகலாம்; குளிரில் விரல் வெளுத்து நீலம் பாய்பவர்களுக்குக் குளிர்ந்த தண்ணீரும் ஏசி ஜிம்மும் ஆகாது.

ஸ்டீராய்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையின் அளவு கூடின வாரங்களில் உடம்பில் ஒரு பரபரப்பு வரும். ராத்திரி தூக்கம் வராது, விடிகாலையில் அலமாரியை அடுக்கத் தோன்றும். "தேறிவிட்டேன்" என்று நினைத்து நடையை இரட்டிப்பாக்குவது இந்த வாரங்களில்தான். அந்தத் தெம்பு மாத்திரையுடையது. அதே மாத்திரை அடியில் தொடைத்தசையையும் எலும்பையும் அரித்துக்கொண்டிருக்கும். டோஸ் குறையும்போது அசதி திரும்பும், ஏறின அளவைத் தாங்க முடியாது. ஆகவே டோஸ் கூடின வாரங்களில் நடையை ஏற்றாதீர்கள்.

தசை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா? பஸ் படியில் கைப்பிடியை இழுத்துத்தான் ஏற வேண்டியிருக்கிறதா? வலியே இல்லாமல் தொடை மட்டும் வலுவிழந்தால் அது பெரும்பாலும் ஸ்டீராய்டு வேலை. நடை மட்டும் போதாது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவதை ஐந்து முறை, இடையில் ஓய்வு விட்டு இன்னொரு ஐந்து முறை சேர்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: நடக்கும்போது தொடை இடுக்கில் வலி, சம்மணம் போட்டு உட்கார முடியாமை, லேசாக நொண்டுதல் மூன்றும் சேர்ந்தால் நடையை அன்றே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். தொடை எலும்பின் பந்துப்பகுதிக்கு ரத்தம் போகாமல் எலும்பு சாகத் தொடங்கியிருக்கலாம். எக்ஸ்ரேயில் ஆரம்பத்தில் ஒன்றும் தெரியாது, எம்.ஆர்.ஐ.தான் காட்டும். "எக்ஸ்ரே நார்மல்தானே" என்று வலியோடு நடந்து தீர்த்தவர்களுக்கு மூட்டு மாற்றும் நிலைகூட வந்துவிடும். நடப்பதற்காகவே வலி மாத்திரை போடுவதும் இதே தப்புதான். வலி மறையும், மூட்டு தேயும், சிறுநீரகமும் அடிவாங்கும்.

தண்ணீர் குடிக்கச் சொல்வது எல்லோருக்கும் பொதுவான அறிவுரை. லூபஸில் அது பொதுவில்லை. சிறுநீரகம் பாதித்து, குடிக்கும் அளவைக் குறைக்கச் சொல்லியிருந்தால் அந்தக் கணக்குக்குள்தான். நடை முடிந்து இளநீர் குடிக்கும் பழக்கம் இருந்தால் ரத்தத்தில் பொட்டாசியம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். உப்பு கலந்த எலெக்ட்ரோலைட் பாக்கெட்டும் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு வேண்டாம்.

இனி மறுநாள் காலை. நோட்டில் மூன்றாவது எண் இதற்குத்தான். நடந்து இரண்டு மணி நேரம் கழித்தும் மூட்டு வலி நடக்கும் முன்பிருந்ததைவிட அதிகமா? மறுநாள் அசதி எண் வழக்கத்தைவிட இரண்டு கூடிவிட்டதா? அடுத்த நடையை மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். 12 நிமிடம் என்றால் 8. ஒரு வாரம் 8-லேயே இருந்துவிட்டு ஏறுங்கள். நோட்டைப் புரட்டினால் இன்னொன்றும் தெரியும். நடைக்கணக்கு சரியாக இருந்தும் அசதி எகிறின நாள்களில் பெரும்பாலும் மாவாட்டினது, போர்வை துவைத்தது, குழாயடியில் குடம் தூக்கினது என்று ஏதாவது இருக்கும். பொங்கலுக்கு வீடு ஒழிக்கும் வாரத்தில் நடை வேண்டாம், ஒழிப்பதே நடைதான். வீட்டு வேலையை யாரும் பயிற்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை, உடம்பு சேர்த்துக்கொள்கிறது.

அசதி வேறு, ஃப்ளேர் (நோய் மறுபடி கிளம்புவது) வேறு. பயிற்சி அசதி ஒன்றிரண்டு நாளில் இறங்கும். வாய்ப்புண், புதுத் தடிப்பு, கொத்துக் கொத்தாக முடி உதிர்வது, மூட்டு வீங்குவது, சிறுநீரில் நுரை, கால் வீக்கம் இவையெல்லாம் நடையால் வருபவை அல்ல, நோய் கிளம்புவதற்கான அடையாளம். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் நடை கிடையாது. எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுபவருக்கு அது தொற்றாகவும் இருக்கலாம், அன்றைக்கே டாக்டருக்குச் சொல்ல வேண்டும். மூச்சை இழுக்கும்போது குத்துவதும், படுத்தால் கூடி முன்னால் குனிந்தால் குறையும் நெஞ்சு வலியும் நுரையீரல் உறை, இதய உறை அழற்சியாக இருக்கலாம். ஒற்றைக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், ரத்தம் உறையும் தன்மை உள்ளவர்கள் அதைத் தசைப்பிடிப்பு என்று தைலம் தேய்க்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. நெஞ்சை அழுத்தினாலோ மயக்கம் வந்தாலோ 108.

மூட்டு, தோல் அளவில் வந்த ஃப்ளேர் என்றால் முழுக்கப் படுத்துவிட வேண்டாம். படுக்கையிலேயே எல்லா மூட்டையும் மெதுவாக மடக்கி நீட்டுங்கள், வீட்டுக்குள் இரண்டு இரண்டு நிமிடமாக நாலைந்து தடவை நடங்கள். இதயம், நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று போனால் டாக்டர் சொல்லும்வரை நடை இல்லை. தேறிய பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்கக் கூடாது. 16 நிமிடத்தில் விட்டிருந்தால் 8-ல் தொடங்க வேண்டும். இப்படி வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை இறங்கி ஏறுபவர்கள் நிறையப் பேர். பாம்பு இறக்கிவிட்ட பிறகும் ஏணியைத் தேடும் பரமபத ஆட்டம் மாதிரிதான்.

மாதம் ஒரு முறை ஆறு நிமிட நடையை அளந்து வையுங்கள். மொட்டைமாடியிலோ தாழ்வாரத்திலோ பத்து மீட்டரை டேப்பால் அளந்து இரண்டு முனையிலும் சாக்பீஸ் கோடு. ஆறு நிமிடத்தில் எத்தனை முறை கடந்தீர்கள் என்று எண்ணிப் பத்தால் பெருக்கினால் தூரம். ஆஸ்பத்திரியில் 30 மீட்டர் தாழ்வாரத்தில் எடுப்பார்கள், திரும்பும் தடவை குறைவு, அங்கே தூரம் அதிகமாக வரும். அதோடு ஒப்பிடாதீர்கள். போன மாதத்து உங்கள் எண்ணோடு மட்டும், அதே செருப்பு, அதே நேரம், அதே கோடு. அடுத்த ஓ.பி.க்குப் போகும்போது ரிப்போர்ட் ஃபைலோடு இந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். "எப்படி இருக்கீங்க" என்று டாக்டர் கேட்கும் இரண்டு நிமிடத்தில், "போன தடவை 290 மீட்டர், இப்போ 340" என்று காட்டலாம்.